வயிற்றில் பையோடு வாழ்கிறவர்களும் அவர்கள் வீட்டாரும் எங்களிடம் கேட்கும் கேள்விகள்

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ், டொங்காட் பக்கத்திலிருந்து ஸ்டோமா உள்ளவர்கள் சிலர் மாதம் ஒருமுறை ஒரு கோவில் மண்டபத்தின் பின்னறையில் கூடுகிறோம். பெரும்பாலும் தமிழ்க் குடும்பத்தினர். இப்போது சூலு பேசும் இரண்டு தாய்மார்களும் வருகிறார்கள். எங்களிடம் திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். நான் மருத்துவர் இல்லை. 2012-ஆம் ஆண்டிலிருந்து இலியோஸ்டமி பையோடு வாழ்கிறவள். அதற்கு முன் இருபது வருடம் துணி ஆலையில் தையல் வேலை பார்த்தேன்.

ஸ்டோமா என்றால் என்ன?

குடலின் ஒரு நுனியை வயிற்றுச் சுவர் வழியாக வெளியே கொண்டுவந்து, தோலோடு தைத்து அமைக்கும் வாய்தான் ஸ்டோமா. கிரேக்க மொழியில் அந்தச் சொல்லுக்கே வாய் என்றுதான் பொருள். பெருங்குடலில் வைத்தால் கொலோஸ்டமி, சிறுகுடலின் கடைப்பகுதியில் வைத்தால் இலியோஸ்டமி, சிறுநீருக்காக வைத்தால் யூரோஸ்டமி. வெளியே வருவதை வயிற்றில் ஒட்டிய பை வாங்கிக்கொள்ளும்.

உதட்டின் உட்பக்கம் போலச் சிவந்து ஈரமாக இருக்கும். அதில் வலி உணரும் நரம்பு கிடையாது. துடைக்கும்போது ஓரிரு துளி இரத்தம் கசிந்தால் பயப்பட வேண்டாம். முதல் ஆறு முதல் எட்டு வாரங்களில் அதன் வீக்கம் வடிந்து சிறிதாகிவிடும். ஆகவே பையைத் தோலோடு பிடித்துவைக்கும் ஒட்டும் தட்டில் வெட்டும் ஓட்டையின் அளவையும் மாற்றிக்கொண்டே வர வேண்டும்.

புற்றுநோய்க்காகத்தான் இதை வைப்பார்கள் என்று நம்மவர்கள் பலர் நினைக்கிறார்கள். பெருங்குடலில் ஆறாத புண், குடல் முறுக்கு, பிறவிக் குறை, சாலை விபத்து, இந்த நாட்டில் கத்திக்குத்தும் துப்பாக்கிக் குண்டும்கூடக் காரணமாகின்றன. எங்கள் கூட்டத்தில் மிக இளையவர் கத்திக்குத்து பட்டு உயிர் பிழைத்த பையன்.

இது ஒட்டுவாரொட்டியா? ஒரே கழிப்பறையைப் பயன்படுத்தலாமா?

ஒட்டாது. பயன்படுத்தலாம். தட்டும் டம்ளரும் தனியாக வைக்க வேண்டியதில்லை. அப்படி வைத்திருந்தால் இன்றே எடுத்துவிடுங்கள்.

அறுவைச் சிகிச்சைக்குத் தேதி குறித்துவிட்டார்கள். முன்னதாக என்ன கேட்க வேண்டும்?

எந்த இடத்தில் வைக்கப்போகிறார்கள் என்று கேளுங்கள். திட்டமிட்ட சிகிச்சை என்றால் ஸ்டோமா பராமரிப்பில் பயிற்சி பெற்ற சிஸ்டர் முன்கூட்டியே வந்து வயிற்றில் மையால் ஓர் அடையாளம் வைப்பார். நிற்கச் சொல்வார், உட்காரச் சொல்வார், குனியச் சொல்வார். மடிப்பு விழாத, உங்கள் கண்ணுக்குத் தெரிகிற இடமாகப் பார்ப்பார். இங்கேதான் நம் பெண்கள் ஒன்றைச் சொல்ல மறந்துவிடுகிறார்கள். மருத்துவமனை அங்கியோடு படுத்திருக்கும்போது, உள்பாவாடை நாடாவை எங்கே கட்டுவோம் என்று அந்தச் சிஸ்டருக்கு எப்படித் தெரியும்? எனக்கு அவசரமாகச் செய்தார்கள், அடையாளம் வைக்க நேரமில்லை. நாடா விழும் இடத்திலேயே ஸ்டோமா அமைந்துவிட்டது. இன்றுவரை புடவை கட்டும்போது நாடாவுக்குப் பதிலாக அகலமான எலாஸ்டிக் பட்டை வைத்துத் தைத்த பாவாடைதான் கட்டுகிறேன். ஆகவே ஒரு பாவாடையை எடுத்துப் போங்கள். ஆண்கள் வேட்டியை எங்கே முடிவீர்கள், பெல்ட்டை எங்கே போடுவீர்கள் என்று காட்டுங்கள். கூச்சப்பட வேண்டாம். கேட்கவேண்டிய நேரம் அந்த ஒரு நாள்தான்.

தற்காலிகமா நிரந்தரமா என்றும் கேளுங்கள். புதிதாக இணைத்த குடல் ஆறும்வரை சில மாதங்களுக்கு மட்டும் வைப்பதும் உண்டு. அப்படியானால் மீண்டும் மூடுவதற்கான தேதியை யாரிடம் விசாரிக்க வேண்டும் என்று எழுதி வாங்கிக்கொண்டு வாருங்கள்.

சிஸ்டர் எல்லாம் சொல்லிக்கொடுத்துவிட்டார். பிறகு எதற்கு இன்னொரு நோயாளி வீட்டுக்கு வர வேண்டும்?

எங்களிடம் அதிகம் கேட்கப்படுவது இதுதான். பெரும்பாலும் வீட்டு ஆண்கள் கேட்பார்கள்.

என் கதையையே சொல்கிறேன். வீட்டுக்கு வந்து பதினொரு வாரம் பின்னறையை விட்டு நான் வெளியே வரவில்லை. பையைக் காலி செய்து, கழுவி, வாசனை போகத் துடைத்து வெளியே வர எனக்கு முக்கால் மணி நேரம் ஆகும். அந்த முக்கால் மணி நேரமும் கதவுக்கு வெளியே யாராவது நிற்கிறார்களா என்று காது கொடுத்துக்கொண்டே இருப்பேன். ஒருநாள் ஃபீனிக்ஸிலிருந்து ஓர் அக்கா வந்தார். தூரத்து உறவுக்குத் தெரிந்தவர் என்று மட்டும் சொன்னார்கள். நல்ல மடிப்பாகப் புடவை கட்டியிருந்தார். என் மகள் தேநீர் கொண்டுவந்து வைத்தாள். அவர் கழிப்பறை எங்கே என்று கேட்டுப் போனார். திரும்பி வந்து கோப்பையை எடுத்தபோது தேநீரில் இன்னும் ஆவி வந்துகொண்டிருந்தது. "எனக்கும் உன்னுடையதுதான், தங்கச்சி. ஒன்பது வருடமாகிறது. இப்போதுதான் காலி செய்துவிட்டு வந்தேன்" என்றார். தேநீர் ஆறுவதற்குள்! சிஸ்டர் எனக்கு நன்றாகத்தான் சொல்லிக்கொடுத்திருந்தார். ஆனால் அது முடிகிற காரியம் என்று அந்தக் கோப்பையைப் பார்த்தபோதுதான் நம்பினேன்.

இந்தத் துறையே இப்படித்தான் வளர்ந்தது. 1951-இல் நியூயார்க்கின் மவுண்ட் சைனாய் மருத்துவமனையில் க்யூ, டி என்ற இரண்டு வார்டுகளில் இருந்த இலியோஸ்டமி நோயாளிகள் ஒன்றுசேர்ந்து ஒரு குழு அமைத்தார்கள். அந்த வார்டுகளின் எழுத்துகளே குழுவின் பெயராயின. ஸ்டோமா பராமரிப்பைத் தொழிலாகவே உருவாக்கிய நார்மா கில் நர்ஸ் படிப்புப் படித்தவர் இல்லை. குடல் புண்ணால் வருடக்கணக்கில் துன்பப்பட்டு, 1954-இல் அமெரிக்காவின் கிளீவ்லாந்து மருத்துவமனையில் இலியோஸ்டமி பெற்றவர். அவருக்குச் சிகிச்சை செய்த டாக்டர் ரூபர்ட் டர்ன்புல், மற்ற நோயாளிகளுக்குச் சொல்லிக்கொடுக்க 1958-இல் அவரையே வேலைக்கு அழைத்துக்கொண்டார். நாம் இன்று ஒட்டிக்கொள்ளும் பையும் ஒரு வீட்டில் பிறந்ததுதான். டென்மார்க்கில் எலிசே சோரன்சென் என்ற நர்ஸின் தங்கை தோராவுக்கு 1954-இல் ஸ்டோமா வைத்தார்கள். கசிந்துவிடுமோ என்ற பயத்தில் தோரா வெளியே போவதை நிறுத்திவிட்டார். தங்கையின் பயத்தைப் பார்த்த அக்காதான், தோலில் தானே ஒட்டிக்கொள்ளும் பையை யோசித்தார். தோராவின் பின்னறையும் என் பின்னறையும் வேறு வேறு அல்ல என்று எனக்குத் தோன்றும்.

டாக்டர் டர்ன்புல் தோலைக் காப்பாற்றப் பயன்படுத்திய காரயா தூள் இந்தியக் காடுகளில் வளரும் ஒரு மரத்தின் பிசின் என்று தெரிந்தபோது எனக்கு ஏனோ மிகவும் சந்தோஷமாக இருந்தது.

பார்க்க வருபவர் என்ன செய்வார்?

உட்காருவார், கேட்பார். தன் பையைக் காட்டமாட்டார், நீங்கள் கேட்டாலொழிய. மருந்து சொல்லமாட்டார், டாக்டரைக் குறை சொல்லமாட்டார், பணம் வாங்கமாட்டார். கூடியவரை அதே வகை ஸ்டோமா உள்ள, உங்கள் வயதை ஒட்டிய, பெண்ணுக்குப் பெண், ஆணுக்கு ஆண் என்று அனுப்புகிறோம். தன் சிகிச்சை முடிந்து ஒரு வருடமாவது ஆனவரைத்தான் அனுப்புவோம். தன் துக்கமே ஆறாதவர் அடுத்தவர் வீட்டில் போய் அழுதுவிட்டு வருவார். அப்படி ஒருமுறை நடந்தது, தவறு எங்களுடையது.

உங்கள் பெயரும் வீடும் வெளியே போகாது. எல்லாருக்கும் எல்லாரையும் தெரிந்த ஊர் இது. நீங்கள் வாயால் சரி என்று சொல்லாமல் வாட்ஸ்அப் குழுவில்கூட உங்கள் எண்ணைச் சேர்ப்பதில்லை.

ஆயா யாரிடமும் பேச மறுக்கிறார். நாங்கள் எப்படிப் பேசுவது?

முதலில் தமிழில் பேசுங்கள். மருத்துவமனையில் அவருக்கு எல்லாம் ஆங்கிலத்தில் சொல்லியிருப்பார்கள், பேரப்பிள்ளைகள் பாதியை மொழிபெயர்த்திருப்பார்கள். உடம்பின் மறைவான பகுதிகளுக்கான சொற்களைப் பேரன் வாயால் கேட்க எந்த ஆயாவுக்குத்தான் மனம் வரும்? எங்கள் கூட்டத்துக்கு வந்த எழுபத்தெட்டு வயது அம்மா ஒருவர், தன் குடல் வெளியே விழுந்துவிட்டது, அதை மறைக்கத்தான் பை கட்டியிருக்கிறார்கள் என்று நான்கு மாதமாக நம்பிக்கொண்டிருந்தார். குனிந்தால் மிச்சமும் விழுந்துவிடும் என்று குனியவே இல்லை. வேணுமென்றே தையல் போட்டு வைத்த வாய் அது என்று தமிழில் படம் போட்டு விளக்கக் கால் மணி நேரம்தான் ஆனது.

"பை", "வாய்", "தட்டு" என்ற சொற்கள் போதும். அவரைச் சின்னப் பிள்ளை போல நடத்தாதீர்கள். கை நடுங்கினாலும் கடைசி ஒட்டலையாவது அவரே அழுத்தட்டும். உள்ளங்கையை அதன்மேல் இரண்டு மூன்று நிமிடம் வைத்திருந்தால் உடல் சூட்டில் பசை நன்றாகப் பிடிக்கும். அந்த வேலையை அவரிடமே விடுங்கள்.

கோவிலுக்குப் போகலாமா? வீட்டில் விளக்கேற்றலாமா? தீட்டு இல்லையா?

போகலாம், ஏற்றலாம். பையில் இருப்பது எல்லார் வயிற்றிலும் இருப்பதுதான். உங்களுடையது மூடிய பையில் இருக்கிறது, அவ்வளவே. குளித்து, பையைக் காலி செய்து, துவைத்த துணி உடுத்திக்கொண்டு போகிறவருக்கு என்ன தீட்டு? எனக்கு ஒரு வீட்டில், பூஜையறைக்குள் வர வேண்டாம் என்று சொன்னார்கள். வாசலிலேயே நின்று கும்பிட்டுவிட்டு வந்தேன். அந்த வலி, வயிற்றைக் கிழித்த வலியைவிட அதிகம் என்று எழுதுவதில் எனக்குத் தயக்கமில்லை. பிறகு நாங்கள் கூடும் கோவிலின் பூசாரி ஐயாவிடமே கேட்டோம். அவர் ஒன்றும் சொல்லாமல் அடுத்த வெள்ளிக்கிழமை என்னை மாலை கட்ட அழைத்தார்.

காவடி பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். தைப்பூசம் இங்கே கோடை உச்சத்தில் வருகிறது. பத்து நாள் விரதம், வெறுங்கால், வெயில், தோளில் பாரம். ஸ்டோமாவைச் சுற்றியுள்ள வயிற்றுத் தசை பலவீனமானது. பாரம் தூக்கினால் குடல் பிதுங்கிக் குடலிறக்கம் ஆகலாம். முதல் மூன்று மாதம் பாரமே கூடாது. அதற்குப் பிறகும் பெரிய காவடி எடுப்பதற்கு முன் டாக்டரையும் சிஸ்டரையும் கேளுங்கள். தாங்கு பெல்ட் தருவார்கள், அல்லது வேண்டாம் என்பார்கள். இலியோஸ்டமி உள்ளவர்கள் தண்ணீர் குடிக்காமல் விரதம் இருக்கவே கூடாது. பெருங்குடல் இல்லாத அல்லது வேலை செய்யாத உடம்பிலிருந்து நீரும் உப்பும் வேகமாகப் போய்விடும். எங்களில் இரண்டு பேர் சிறிய பால்குடம் எடுக்கிறார்கள். இடுப்பில் காலிப் பை, கையில் உப்பும் சர்க்கரையும் கலந்த தண்ணீர்ப் போத்தல், பக்கத்தில் ஒரு துணை. முருகன் அதை ஏற்றுக்கொள்ளவில்லை என்று யாரும் இதுவரை வந்து சொல்லவில்லை.

என்ன சாப்பிடலாம்?

கொலோஸ்டமி உள்ளவர்கள் சில வாரங்களில் ஏறக்குறைய எல்லாவற்றையும் சாப்பிடலாம். வாயுதான் தொல்லை. புரட்டாசியில் மாமிசத்தை விட்டுவிட்டுப் பருப்பும் பீன்ஸ் குழம்பும் முட்டைக்கோஸுமாகச் சாப்பிடுகிறோம். பை பந்துபோல ஊதும். ஒரே நாளில் எல்லாவற்றையும் சேர்க்காதீர்கள். அக்டோபர் முதல் சனிக்கிழமை ஸ்டோமா உள்ளவர்களுக்கான உலக ஆஸ்டமி நாள், 1993-இல் தொடங்கியது. அது எப்போதும் ஒரு புரட்டாசிச் சனிக்கிழமையாகத்தான் விழும். நாங்கள் அன்று பொங்கலும் ரசமும் வைத்துச் சாப்பிடுகிறோம், பீன்ஸ் குழம்பு வைப்பதில்லை.

இலியோஸ்டமி என்றால் அடைப்புக்குத்தான் பயப்பட வேண்டும். தெருவில் அவித்து விற்கும் சோளக்கதிர், பாப்கார்ன், வேர்க்கடலை, தேங்காய்த் துருவல், காளான், முருங்கைக்காய் நார் இவை செரிக்காமல் வாசலில் வந்து அடைத்துக்கொள்ளும். முதல் இரண்டு மாதம் தொடாதீர்கள். பிறகு கொஞ்சமாக, கூழாகும்வரை மென்று பாருங்கள். முருங்கைக்காயைச் சப்பிவிட்டுச் சக்கையைத் துப்பிவிடலாம். ஆடி மாதக் கூழ் வயிற்றுக்கு இதமானது, வாயு வந்தால் அளவைக் குறையுங்கள். போக்கு தண்ணீராக இருந்தால் சோறு, வாழைப்பழம், ரொட்டி கெட்டிப்படுத்தும். பீட்ரூட் சாப்பிட்ட மறுநாள் பையில் சிவப்பைப் பார்த்து அலறவேண்டாம்.

உப்புச்சர்க்கரை நீருக்கு: கொதித்தாறிய 1 லிட்டர் தண்ணீரில் மட்டமாக 6 தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு. சர்க்கரை நோய் உள்ளவர்கள் டாக்டரைக் கேட்டுக்கொள்ளுங்கள். மாத்திரை முழுசாகப் பையில் விழுந்தால் அதையும் சொல்லுங்கள். மெதுவாகக் கரையும் வகை மாத்திரைகள் இலியோஸ்டமியில் கரையாமலே வெளியேறிவிடும். பேதியாக வைக்கும் மலமிளக்கி மருந்து இலியோஸ்டமிக்குக் கூடவே கூடாது.

பிப்ரவரிப் புழுக்கத்தில் தட்டு ஒட்டவே மாட்டேன் என்கிறது.

டர்பன் வியர்வைக்கு மூன்று நான்கு நாள் தாங்கும் தட்டு இரண்டு நாளில் விட்டுவிடும். குளித்தவுடன் ஒட்டாதீர்கள். தோல் உலர்ந்து குளிர்ந்தபின் ஒட்டுங்கள். சுற்றிலும் எண்ணெயோ பவுடரோ வாசனைச் சோப்போ வேண்டாம். ஓட்டை ஸ்டோமாவைவிட 2 அல்லது 3 மில்லிமீட்டர் மட்டுமே பெரிதாக இருக்கட்டும். அதிகம் வெட்டினால் கழிவு தோலில் பட்டுப் புண்ணாகும், புண்ணில் தட்டு ஒட்டாது. பைக்கும் தோலுக்கும் நடுவே மெல்லிய பருத்தி உறை போட்டுக்கொண்டால் வியர்வை அரிப்பு குறையும். நான் பழைய புடவையில் தைத்துத் தருகிறேன், அளவு சொன்னால் போதும். பைகளைக் காருக்குள் விட்டுவிடாதீர்கள், சூட்டில் பசை கெட்டுவிடும். மூன்றில் ஒரு பங்கு நிறைந்ததும் காலி செய்யுங்கள். நிறையவிட்டால் எடையே தட்டைப் பிடுங்கிவிடும்.

குழாயில் தண்ணீர் இல்லாத நாளில்?

இதை டொங்காட்டில் உள்ளவர்களிடம்தான் கற்றோம். 2022 ஏப்ரல் வெள்ளத்தில் அங்குள்ள நீர் சுத்திகரிப்பு நிலையம் சேதமடைந்து மாதக்கணக்கில் குழாய் வறண்டு கிடந்தது. எங்கள் உறுப்பினர் ஒருவர் குளிர்பானப் போத்தலின் மூடியில் ஊசியைச் சுட்டு நான்கு துளை போட்டார். அமுக்கினால் மெல்லிய பீச்சு வரும். பையின் வாயைக் கழுவவும் தோலைக் கழுவவும் ஒரு டம்ளர் தண்ணீரே போதுமானதாக இருந்தது. நாங்கள் எல்லாரும் இப்போது அப்படியொரு போத்தலும் 5 லிட்டர் தண்ணீரும் கழிப்பறையில் வைத்திருக்கிறோம். மின்வெட்டுக்கு நெற்றியில் கட்டும் டார்ச் வாங்கிக்கொள்ளுங்கள். இரண்டு கையும் வேண்டும்.

பைக்குச் செலவு தாங்கவில்லை. மருத்துவமனையிலும் தீர்ந்துவிட்டது என்கிறார்கள்.

அரசு மருத்துவமனையில் தருகிறார்கள், ஆனால் கிடைக்காத மாதங்களும் உண்டு. எங்களில் ஒருவர் ரொட்டிப் பையைப் பசை நாடாவால் ஒட்டிக்கொண்டு மூன்று நாள் இருந்தார். அதன் பிறகுதான் ஓர் அலமாரி வைத்தோம். அளவு மாறியவர்கள், தற்காலிக ஸ்டோமா மூடப்பட்டவர்கள், இறந்துபோனவர்களின் பிள்ளைகள் என்று பலர் மிச்சமுள்ள பெட்டிகளைக் கொண்டுவந்து தருகிறார்கள். காலாவதித் தேதி பார்த்து, அளவுவாரியாக அடுக்கி, தேவைப்பட்டவருக்குக் கொடுக்கிறோம். வாங்கிக்கொள்வதில் அவமானம் எதுவும் இல்லை. நானும் வாங்கியிருக்கிறேன். பத்து நாளைக்குள்ள பை மிச்சமிருக்கும்போதே சொல்லுங்கள், தீர்ந்தபின் அல்ல.

மாதச் சந்தா கட்டி மருத்துவத் திட்டத்தில் இருப்பவர்கள், பைக்கான அனுமதியை மறுத்தால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். 1998-ஆம் ஆண்டின் மருத்துவத் திட்டச் சட்டத்தில் குறைந்தபட்சப் பயன்கள் என்று ஒரு பகுதி இருக்கிறது. உங்கள் நோய் அதில் அடங்குமா என்று டாக்டரிடம் கேட்டு, தேவையானால் மருத்துவத் திட்டங்களுக்கான கவுன்சிலில் முறையிடுங்கள். புற்றுநோயால் ஸ்டோமா வந்தவர்கள் கேன்சா எனப்படும் தென்னாப்பிரிக்கப் புற்றுநோய்ச் சங்கத்தின் பராமரிப்பு மையத்தையும் அணுகலாம்.

ஊனமுற்றோர் உதவித்தொகை கிடைக்குமா?

பை இருப்பதால் மட்டும் கிடைத்துவிடாது. வேலை செய்ய முடியாத நிலையை மருத்துவப் பரிசோதனை உறுதி செய்ய வேண்டும். 18 முதல் 59 வயதுக்குட்பட்டவர்கள் சாசா எனப்படும் அரசு உதவித்தொகை அலுவலகத்தில் விண்ணப்பிக்கலாம். 6 முதல் 12 மாதம் வரையிலான தற்காலிக உதவியும் உண்டு. 60 ஆனவர்களுக்கு முதியோர் உதவித்தொகை.

கணவன் மனைவி வாழ்க்கை?

தொடரும். காயம் ஆறியபின், டாக்டர் சரி என்றபின். பையைக் காலி செய்து உறை போட்டுக்கொள்ளுங்கள். பல பெண்கள் கணவர் அருவருப்பார் என்று ஒதுங்கிப் படுக்கிறார்கள். கணவரோ, தொட்டால் வலிக்குமோ என்று ஒதுங்கியிருப்பார். ஒரே வீட்டில் இருவரும் என்னிடம் தனித்தனியாக இதைச் சொன்னதுண்டு.

எப்போது உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்?

ஸ்டோமா கருத்தால், ஊதாவானால். நிற்காமல் இரத்தம் வந்தால். இலியோஸ்டமியில் நான்கு முதல் ஆறு மணி நேரம் ஒன்றுமே வராமல் வயிறு முறுக்கி வாந்தி வந்தால். ஒரு நாளில் ஒன்றரை லிட்டருக்கு மேல் தண்ணீராகப் போய், தலை சுற்றி, சிறுநீர் குறைந்தால். பொழுது விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். அவசரச் சிகிச்சையை யாருக்கும் மறுக்கக்கூடாது என்று இந்த நாட்டின் அரசியலமைப்பின் 27-ஆம் பிரிவு சொல்கிறது. "எனக்கு இலியோஸ்டமி இருக்கிறது" என்று வாசலிலேயே சொல்லுங்கள்.

முதல்முறை கூட்டத்துக்கு வரும்போது என்ன கொண்டுவர வேண்டும்?

ஒரு மாற்றுப் பை, ஒரு மாற்றுத் துணி, உங்கள் பைப் பெட்டியின்மேல் உள்ள எண். பேசவேண்டும் என்ற கட்டாயம் இல்லை. முதல் மூன்று மாதம் ஒரு வார்த்தையும் பேசாமல் வந்துபோனவர் இப்போது தேநீர் போடுகிறார். துணைக்கு ஒருவரை அழைத்து வரலாம். கழிப்பறை அறைக்கு நேர் எதிரே இருக்கிறது. தாழ்ப்பாள் நன்றாகப் போடும், உள்ளே மூடியுள்ள குப்பைத் தொட்டியும் கொக்கியும் வைத்திருக்கிறோம்.